நாற்பத்தொன்றாம் இதயம்

ஐந்து புள்ளி எட்டு என்று திரை காட்டியது. சாந்தாமணி மவுஸை வைத்துவிட்டுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள், துடைத்தால் எண் மாறிவிடும் என்பது போல. மறுபடி எடுத்து, கோட்டை அழித்து, குழாயின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு இன்னொரு கோடு இழுத்தாள். ஐந்து புள்ளி எட்டு. சாய்த்து இழுத்தால் குறையுமோ என்று சாய்த்து இழுத்தாள், ஆறைத் தாண்டியது, அதை அவசரமாக அழித்தாள். யார் பார்த்துவிடப் போகிறார்கள்? அறையில் அவளைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. மணி பதினொன்று பத்து. ஏ.சி. தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது, முதுகுக்குக் கொடுத்திருந்த தலையணை நழுவிக் கீழே கிடந்தது, ஒரு மாதமாக இந்த நாற்காலி முதுகை வாங்குகிறது, மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தும் நடக்கவில்லை, அதெல்லாம் இப்போது எதற்கு. ஐந்து புள்ளி எட்டு சென்டிமீட்டர். இதயத்திலிருந்து கிளம்பும் அந்தப் பெரிய ரத்தக்குழாய் மனிதர்களுக்கு மூன்று இருக்கும், மிஞ்சிப்போனால் மூன்றரை. நான்கு என்றால் டாக்டர் வேதநாயகம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்ப்பார். ஐந்தரை என்றால் அறுவைக்கு நாள் குறித்துவிடுவார். ஒருமுறை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது இவளும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். உப்பின குழாய் வலிக்காது, சத்தம் போடாது, ஆள் பாட்டுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டு நடமாடுவார், ஒருநாள் பாரம் தூக்குவார், இல்லை மலை ஏறுவார், உள்ளே கிழிந்துவிடும், அவ்வளவுதான் என்றார். மலை என்றா சொன்னார்? மாடி என்றுதான் சொல்லியிருப்பார். மலையை இவள்தான் இப்போது சேர்த்துக்கொள்கிறாள். வெள்ளியங்கிரி ஏழு மலை ஏற அவள் புருஷன் நாச்சிமுத்து விடியுமுன்னே கிளம்பிப் போய்விட்டார்.

இத்தனைக்கும் அந்தக் குழாயை அளப்பது அவள் வேலையே இல்லை. ஒன்பது வருடமாக அவள் வேலை வட்டம் போடுவது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் எடுத்த இதயப் படங்கள் வரும், இதயச் சுவரின் உள்பக்கம் ஒரு வட்டம், வெளிப்பக்கம் ஒரு வட்டம், இரண்டுக்கும் நடுவே உள்ள சதையின் கனத்தைக் கணினி சொல்லும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இதயச் சுவர் எப்போது தடிக்க ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் முன்கூட்டியே மருந்து கொடுக்கலாமாம், அதற்குத்தான் இந்த ஆராய்ச்சி. நூற்றிருபது நோயாளிகள், அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க நோய் நொடி இல்லாத அறுபது பேர். படத்தில் பெயர் இருக்காது, வயது இருக்காது, ஒரு எண் மட்டும். ஆணா பெண்ணா என்பதுகூட அளப்பவளுக்குத் தெரியக்கூடாதென்று மார்பெலும்புக்கு முன்னால் இருப்பதையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் படத்தை அனுப்புவார்கள். தெரிந்தால் கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும் என்பார் டாக்டர். எந்த எண் யாருடையது என்ற புத்தகம் அவர் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அதை யாரும் திறக்கக் கூடாது, எல்லாப் படமும் அளந்து முடிகிற வரைக்கும். ஆனால் நாற்பத்தொன்று யார் என்று தெரிந்துகொள்ள சாந்தாமணிக்குப் புத்தகம் எதற்கு? அந்த எண்ணை அச்சடித்து, கத்தரித்து, தன் கையாலேயே புருஷனின் சட்டைப் பையின் மேல் ஒட்டியவள் அவள்தானே. எட்டு மாதத்துக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை. அறுபது பேரில் இருபது பேர் குறைகிறார்கள், நோயில்லாத ஆளைத் தேடி ஊரெல்லாம் அலைவதற்கு உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார்களே என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்ல, ஆளாளுக்கு வீட்டில் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சாந்தாமணி நாச்சிமுத்துவைக் கூட்டி வந்தாள், கணக்குக்குத் தானும் படுத்தாள். அவருக்கு நாற்பத்தொன்று, அவளுக்கு நாற்பத்திரண்டு. பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருபது வருடம் நின்றவர் அந்த மனிதர், சட்டைப் பையைக் குனிந்து பார்த்து, எங்க பம்புக்கு நாங்க ஒட்டற மாதிரியே ஒட்டறியே அம்மிணி, பெயிலானா உருக்கறதுக்கு அனுப்பீருவீங்களா என்று கேட்டார். அவள் எவ்வளவு சிரித்தாள் அன்றைக்கு.

பதினாலாவது முறையாக அவர் எண்ணை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் குரல் பொறுமையாகச் சொன்னது, அதற்கென்ன, அதன் புருஷனா மலையில் இருக்கிறான். இரண்டாவது மலை தாண்டினால் டவர் கிடைக்காது, வருடா வருடம் அவரே சொல்வதுதான். இந்நேரம் ஏறியிருப்பாரா, இறங்கிக்கொண்டிருப்பாரா? கையில் மூங்கில் தடி, கூட கம்பெனி ஆட்கள் நாலு பேர், நாலு பேரும் இவரை விடச் சின்னவர்கள், அவர்களுக்குச் சமமாக ஏற வேண்டுமென்று இவர் தம் பிடித்து ஏறுவார், கேட்டால் எனக்கென்ன என்பார். இந்த வருடம் போக வேண்டாமென்று அவரே சொன்னார். போன வியாழக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மூச்சு கொஞ்சம் வாங்குது, இந்தத் தடவ விட்டரலாமான்னு பாக்கறேன் என்றார். அப்போது சாந்தாமணி என்ன சொன்னாள்? ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள், கரண்டி கையில் இருந்தது, எல்லாம் நினைவிருக்கிறது. "உங்களுக்குத்தான் அத்தாம் பெரிய மிஷின்ல படமே எடுத்திருக்குதுங்களே. ஏதாவது இருந்தா இத்தன நாளைக்குச் சொல்லியிருக்க மாட்டாங்களா?" என்றாள். சொல்லியிருக்க மாட்டாங்களா. யார் சொல்வார்கள்? அந்தப் படங்களை இன்று காலை வரை ஒரு மனிதர்கூடத் திறந்து பார்க்கவில்லை என்பது உலகத்தில் யாருக்குத் தெரியுமோ தெரியாதோ, அவளுக்குத் தெரியும். நோயாளிகளின் படத்தை அன்றன்றைக்கே பெரிய டாக்டர்கள் பார்ப்பார்கள். ஆரோக்கியமானவர்களின் படத்தைப் பெட்டியில் போட்டு வைப்பார்கள், அறுபதும் சேர்ந்த பிறகு சாந்தாமணி வட்டம் போடுவாள். ஆரோக்கியமானவர்கள்தானே, என்ன அவசரம். ஊரில் எவளாவது விவரம் தெரியாதவள் அப்படிச் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். பெட்டிக்குச் சாவி வைத்திருக்கிறவளே சொன்னாள். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டாள். அந்த ரசத்தின் மணம் இப்போது இந்த அறையில் வருகிற மாதிரி இருந்தது.

எழுந்து ஓடினாள். லிஃப்ட் எங்கோ ஐந்தாம் மாடியில் நின்று யாரையோ ஏற்றிக்கொண்டிருந்தது, காத்திருக்க முடியவில்லை, படியில் ஏறினாள், இரண்டிரண்டு படியாக, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்பத்து நாலு வயதில் இது தேவைதானா என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். மூன்றாம் மாடி. டாக்டர் அறையில் இல்லை. யாருக்கோ ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருக்கிறாராம், பன்னிரண்டரை ஆகும் என்று செயலாளர் பெண் சொன்னாள், ஏதாவது முக்கியமா என்றும் கேட்டாள். சாந்தாமணி வாயைத் திறந்தாள், முக்கியம்தான் என்பது மட்டும் வந்தது, டாக்டர் வெளியே வந்ததும் என்னைத் தொலைபேசியில் கூப்பிடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் இரும்பு அலமாரி, உள்ளே புத்தகம், புத்தகத்தோடு எல்லோருடைய படிவங்களும். படிவம். நடை அங்கேயே தடுக்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு படிவத்தையும் நிரப்பியவள் அவள்தான், அவருடையதையும் தன்னுடையதையும், ஒரே மூச்சில், டிக் டிக் டிக் என்று. நோயாளிகளிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, அவர்கள் வாயால் பதில் வாங்கித்தான் எழுத வேண்டும். அவளே புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பாள், தெரியும் என்று நினைத்துக்கொண்டு நீங்களாக எழுதாதீர்கள் என்பாள். சொந்தப் புருஷனிடம் என்ன கேட்பது, இருபத்தொரு வருடம் கூடவே இருக்கிறவருக்கு. குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்ததுண்டா? இல்லை என்று டிக் போட்டாள். மாமனார் தோட்டத்தில் மோட்டார் போடப் போனவர், ஐம்பத்தைந்து வயது, வரப்பில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தி நடந்தது, போட்டோவாக மட்டுமே அவரைத் தெரியும், அதனால் பேனா அங்கே நிற்கக்கூட இல்லை. அப்பனுக்கு இருந்தது பிள்ளைக்கு வரும், இது ரத்தத்தோடு வருகிற சமாச்சாரம், பாடத்தில் அதையும்தான் சொன்னார் டாக்டர். அடுத்த படிவத்திலும் அதே கேள்வி, அதே டிக். அம்மா. அம்மா வாசலில் குனிந்து தண்ணீர்க் குடத்தை எடுத்தவள், முதுகுக்குள்ள என்னமோ கிழியுதுடி என்று சொன்னாளாம், இவள் ஒன்பதாம் வகுப்பில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள், மாரடைப்பு என்றார்கள், ஊரில் எல்லாச் சாவுக்கும் அந்த ஒரு பெயர்தான். சரி, அம்மாவை இப்போது எதற்கு இழுக்க வேண்டும், போனவள் போய்விட்டாள், மலையில் இருக்கிறவரைப் பற்றி யோசி. படியில் இறங்கினாள். நெஞ்சு படபடவென்று அடித்தது, தோள்பட்டைகளுக்கு நடுவே அந்த நாற்காலி வலி பிடித்து இழுத்தது, இருந்தால் என்ன, பயத்தில் யாருக்குத்தான் அடிக்காது.

திரும்பி வந்தபோது நாற்பத்தொன்று திரையில் துடித்துக்கொண்டிருந்தது. படத்தை நிறுத்தாமல் போயிருக்கிறாள், ஒரே துடிப்பு திரும்பத் திரும்ப ஓடுகிறது, எட்டு மாதத்துக்கு முந்தின துடிப்பு, சுருங்கி விரிந்து சுருங்கி விரிந்து. அவளுக்கு அழுகை வந்தது. எவ்வளவு சின்ன இதயம். ஆள் ஒல்லிதான், ஆனாலும் இவ்வளவு சின்னதாகவா இருக்கும், இதை வைத்துக்கொண்டா பம்புகளைத் தூக்கி இறக்கினார், இதை வைத்துக்கொண்டா என்னோடு சண்டை போட்டார். மேலே அந்தக் குழாய் மட்டும் பொருத்தமில்லாமல் ஊதிக் கிடந்தது. ஒருநாள் அவர்தான் சொன்னார், பம்பு எங்கயும் கெட்டுப் போறதில்ல அம்மிணி, பைப்புதான் காலை வாரும் என்று. அவள் படத்தைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணாடி சில்லென்றிருந்தது. காலையிலிருந்தே அவளை எரிச்சல்படுத்திக்கொண்டிருந்த அந்தக் கறுப்புப் பொட்டு இப்போதும் இருந்தது, படத்தின் முன் விளிம்பில், மார்பெலும்பை ஒட்டி, மை சிந்திய மாதிரி. எந்த உலோகத் துணுக்கு அருகில் இருந்தாலும் படத்தில் அப்படி ஒரு கறை விழும். பட்டனோ என்னவோ, பெலிக்ஸ் கவனிக்காமல் விட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தாள். பெலிக்ஸ்தான் அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவன், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு மைக்கில் பேசுவான். தங்கமான பையன், அவனுக்கு இந்த மாதிரி விட்டுப்போகாதே. பட்டன் இருக்கவும் வழியில்லை, எல்லோருக்கும் நாடா வைத்த ஆஸ்பத்திரி அங்கிதான். சாந்தாமணி வழக்கம் போலத் தாலிக்கொடியைப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டு, முருகா, அவரைப் பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்து விட்டுவிடு என்றாள். கொடியில் மாட்டியிருந்த ஊக்குகள் விரலில் உரசின. ஊக்கு. அன்றைக்கு ஊக்குகளையெல்லாம் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அந்தக் காட்சி காலையிலிருந்து மூன்று முறை வந்துவிட்டது, கதவருகே நாச்சிமுத்து, சட்டைப் பையில் நாற்பத்தொன்று, உள்ளங்கையில் மூன்று ஊக்கும் கால் மெட்டியும், காணிக்கை மாதிரி ஏந்திக்கொண்டு, முகம் மட்டும் வெளிறி. முகம் ஏன் வெளிறியிருந்தது? உள்ளே போய் வந்ததாலா? இல்லை. உள்ளே போகப் பயந்ததால். இயந்திரத்தின் அந்தக் குகையைப் பார்த்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. நீ மொதல்ல போயிட்டு வா அம்மிணி, நான் ஒரு டீ குடிச்சுப்போட்டு வந்தர்றேன் என்றார். சட்டையோடுதான் நின்றார், அங்கிகூட மாற்றவில்லை. இவள்தான் முதலில் போய்ப் படுத்தாள். கொடியைக் கழற்ற மாட்டேன் என்றாள், கல்யாணமானதிலிருந்து கழற்றியதில்லை. தங்கம்தானேக்கா, இழுக்காது, படத்துலதான் லேசா கறை விழும் என்றான் பெலிக்ஸ். அவள் அதைச் சுருட்டி, நெஞ்சுக் குழிக்கு மேலே, மார்பெலும்பின் மீது, பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொண்டாள். காதில் மாட்டிய கருவிக்குள் அவன் குரல் கேட்டது, பட்டியலில் வரிசைப்படி யார் வர வேண்டுமோ அந்த எண்ணைப் பார்த்து, "நாப்பத்தொண்ணு ரெடியா?" என்று. கண்ணை மூடிக்கொண்டிருந்தவள், எண்ணைக் காதில் வாங்காமல், ஆரம்பித்தால் சரி என்ற நினைப்பில், "ரெடி" என்றாள்.

விரல்கள் கொடியை விட்டன. மவுஸை எடுத்தன. நாற்பத்திரண்டைத் திறந்தாள், நாற்பத்தொன்றை முடிக்காமல் அதைத் திறக்கக் கூடாதுதான். பெரிய இதயம், நிதானமாக, சோம்பலாக அடித்துக்கொண்டிருந்தது. முன் விளிம்பில் கறை இல்லை. குழாயின் குறுக்கே கோடு இழுத்தாள், அழித்து மறுபடி இழுத்தாள். மூன்று புள்ளி ஒன்று. சாந்தாமணிக்கு அப்போது வந்தது சந்தோஷம். அதை வேறு எப்படியும் சொல்ல முடியாது. வயிற்றிலிருந்து கிளம்பி முகமெல்லாம் பரவியது, அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னாள், அவருக்கில்லை, அவருக்கில்லை, முருகா அவருக்கில்லை, மலையாவது ஏறட்டும் மண்ணாவது ஏறட்டும். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, அரை நிமிடம் இருக்கலாம். பிறகு அந்தச் சந்தோஷம் ஓர் ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது. நாற்காலி வலி. மூன்று மாடி, இரண்டிரண்டு படியாக. முதுகுக்குள்ள என்னமோ கிழியுதுடி. அம்மாவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது, சாகிற வயசா என்று எல்லோரும் கேட்டார்கள், குடத்தைப் பழி சொன்னார்கள், குனிந்ததைப் பழி சொன்னார்கள். முப்பது வருடமாக அதை மாரடைப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தாள், இதயம் படிக்கிற ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக உட்கார்ந்துகொண்டு. அவள் மெதுவாக, தளும்பத் தளும்ப நிரம்பிய பாத்திரத்தை நகர்த்துகிறவளைப் போல, தன்னைத் தானே நாற்காலியின் முதுகில் சாய்த்துக்கொண்டாள். கீழே கிடந்த தலையணையைக் குனிந்து எடுக்கவில்லை.

மேசையில் போன் அதிர்ந்தது. அவர் பெயர். அது அதிர்ந்துகொண்டே விளிம்பை நோக்கி நகர்ந்தது, அவள் அதை எட்டிப் பிடிக்காமல், கையை மெல்ல நீட்டி எடுத்தாள். "ஏன் அம்மிணி, பதினாலு தடவ கூப்புட்டிருக்கறே? நான் அஞ்சாவது மலையோட திரும்பீட்டேன், முட்டி ஒத்துக்கல. இப்பத்தான் டவர் வந்துச்சு" என்றார். காற்றும் பறவைச் சத்தமும் கேட்டன, மூச்சு வாங்குவதும் கேட்டது, வெறும் ஏறி இறங்கின மூச்சு, வேறொன்றுமில்லாத மூச்சு. எதைச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது, படம் மாறிப் போச்சுங்க என்றா, எங்க அம்மா எதனால் செத்தாள் தெரியுமா என்றா. சொன்னால் அந்த மனிதர் மீதி மலையை ஓடியே இறங்குவார். ஆகவே மெல்ல வாங்க, ஓட வேண்டாம் என்றாள். முட்டியைப் பாத்துக்கங்க என்றாள். எங்கியும் நிக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு வந்திருங்க, கூட வர்றவங்களை வண்டி ஓட்டச் சொல்லுங்க என்றாள். அவர் குரல் மாறிவிட்டது. என்னாச்சு, என்னோட படத்துல ஏதாவதா என்று கேட்டார். பயந்தாங்கொள்ளி, குகையைப் பார்த்து டீ குடிக்கப் போனவர். இல்லீங்க, உங்க படம் சுத்தமா இருக்குதுங்க, சத்தியமா, இப்பத்தான் அளந்தேன் என்றாள். அவர் நிம்மதியாகச் சிரித்தார், அப்ப உருக்கறதுக்கு அனுப்ப மாட்டீங்கதானே என்றார். அவளும் சிரிக்கப் போனாள், சிரித்தால் நெஞ்சு குலுங்குமே என்று நிறுத்திக்கொண்டாள். திரையில் மூன்று புள்ளி ஒன்று சோம்பலாக அடித்துக்கொண்டிருந்தது.

"நீ எங்கிருப்பே? வாசலுக்கு வந்து நிப்பியா?" என்று அவர் கேட்டார்.

"இல்லீங்க. நான் ஒக்காந்த எடத்துலயே இருக்கறனுங்க" என்றாள் சாந்தாமணி.